மாமியின் மகள் எங்கே? – நித்தி கனகரத்தினத்தின் பாடல்களை முன்வைத்து

ஈழத்து இலக்கியம் பற்றிப் பேசும்போது சிறுகதையைப் பேசுகிறோம், புதுக்கவிதையைப் பேசுகிறோம், நாட்டார் பாடலையும் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் பிறந்த நாளிலிருந்தே ஊர் முழுவதும் மனப்பாடமாகிப்போன ஒரு பாட்டு இலக்கியக் கூட்டத்துக்குள் வந்தால் மட்டும் நமக்குச் சங்கடமாக இருக்கிறது. 'அது பொப் பாட்டு' என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். எழுதியவர் யார், என்ன எழுதினார், எந்தத் தமிழில் எழுதினார் என்று கேட்பதில்லை. பாட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதே அதை வாசிக்காமல் விடுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

நமது முஸ்லிம் இலக்கிய வட்டத்தில் இந்தச் சங்கடம் இன்னும் ஒரு படி கூடுதல். இசை ஆகுமா ஆகாதா என்ற வழக்கை நான் இங்கு எடுக்கவில்லை. அதைத் தீர்க்கத் தகுதியுடையோர் இருக்கிறார்கள். பாட்டை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு பேசுவதே என் நோக்கம். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய இரண்டு பாடல்களை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

நித்தி உரும்பிராயைச் சேர்ந்தவர். வலிகாமத்தின் செம்மண் ஊர்; தோட்டமும் கிணறும் வேலியும் சந்தியுமாக உள்ள இடம். நான் பயின்ற கோப்பாய் ஆசிரியர் கலாசாலைக்கு அடுத்த ஊர் என்பதால் அந்தத் தெருக்கள் எனக்குப் பழக்கம். தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர் அவர். இந்த மூன்றும் ஒருவரிடமே அமைந்தது நமது சூழலில் அபூர்வம். அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் அவரது பாடல்கள் பரவின. தமிழ்ப் பொப்பிசையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். பின்னர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தார். பட்டங்களைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. 'தந்தை' என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்காமல் விடுவது நம்மவர் வழக்கம். இங்கே பிள்ளைகள் என்பது பாடல்கள்.

அவர் வெறும் வெளியில் தோன்றியவரல்லர். தெற்கில் அப்போது பைலா கொடிகட்டிப் பறந்தது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தபின் அவர்களுடனும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களுடனும் சேர்ந்து வளர்ந்த கஃப்றிஞ்ஞா ஆட்டமும் பாட்டும் அதன் வேர். 1940களில் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன்ஸ் அதைச் சிங்களப் பாட்டாக்கி ஊரெங்கும் கொண்டுசென்றார். அறுபதுகளில் கிளரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவுடன் மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். திருகோணமலையில் பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் தமிழில் மெல்லிசை செய்தார்கள். வானொலியில் எஸ். கே. பரராஜசிங்கம் ஈழத்து மெல்லிசைக்கென்று ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தார். 1970இல் பதவிக்கு வந்த அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரத்துக் குறைந்தது. உள்ளூர்ச் சரக்குக்கு இடம் கிடைத்தது. எழுத்துக்குக் கிடைத்த அந்த இடத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். பாட்டுக்குக் கிடைத்ததைப் பற்றி எழுதவில்லை.

பைலாவின் அடி, ஆறுக்கு எட்டு என்று மேலைத்தேய இசைக்காரர் கணக்குச் சொல்லும் அடி. நமது காதுக்குத் திஸ்ர நடையின் உறவுபோல் கேட்கும். இந்த அடியில் யாழ்ப்பாணத் தமிழை ஏற்றினால் என்னவாகும் என்பதுதான் நித்தி செய்துபார்த்தது. 'அந்நிய மெட்டு' என்று அன்று முணுமுணுத்தவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அவர்கள் விறாந்தையில் இருந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குசினியிலிருந்து வந்த தேநீரைக் குடித்துக்கொண்டு, கடதாசியில்தான் அந்தக் கண்டனத்தை எழுதியிருப்பார்கள். விறாந்தை, சப்பாத்து, குசினி, கடதாசி எல்லாமே போர்த்துக்கேயம் தந்த சொற்கள். 1619இலிருந்து 1658வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களின் சொற்கள் நமது அடுப்படிவரை வந்து குடியிருக்கின்றன. தாளம் மட்டும் படலைக்கு வெளியே நிற்கவேண்டுமா?

இனி, 'சின்ன மாமியே'. பாட்டின் அமைப்பு மிகச் சின்னது. மருமகன் மாமி வீட்டுக்கு வருகிறான். மாமியின் மகள் எங்கே என்று கேட்கிறான். படிக்கப் போய்விட்டாளோ என்று தானே ஊகிக்கிறான். மாமி அவனை வரவேற்று, ஓம், பள்ளிக்குத்தான் போயிருக்கிறாள் என்கிறாள். ஊரில் சுற்றித் திரியும் பெடியள் பெண்பிள்ளைகளைக் கண்டால் கண்ணடிக்கும் காலம் இது என்ற கவலை நடுவில் வருகிறது. மேலும் மேலும் ஏன் படிப்பு என்ற கேள்வி எழுகிறது. கதை அவ்வளவுதான்.

இதில் இலக்கியம் எங்கே என்று கேட்பவர் ஒரு காரியம் செய்யலாம். பாட்டைத் தாளில் எழுதி, தாளத்தை மறந்துவிட்டு, உரத்து வாசிக்கட்டும். அது ஒரு நாடகக் காட்சி. முன்கதை இல்லை, வருணனை இல்லை. வேலி, முற்றம், பின்னேரம் எதுவுமே சொல்லப்படவில்லை. இருவரின் பேச்சே இடத்தைக் கட்டுகிறது. 'ஏனணை' என்று ஒரு சொல் விழுந்தவுடன் கேட்பவருக்கு வயது, உறவு, உரிமை, செல்லம், சற்று மிரட்டல் எல்லாம் தெரிந்துவிடுகின்றன. அந்த 'அணை'யை வேறெந்தத் தமிழிலும் பெயர்த்துச் சொல்ல முடியாது. மூத்த பெண்ணோடு மரியாதை குறையாமல் வாதாடுவதற்கு யாழ்ப்பாணத்தான் வைத்திருக்கும் சொல் அது. மருமகன் அதை வைத்துக்கொண்டு மாமியைச் சுற்றிவருகிறான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பேச்சுத் தமிழை எழுதலாமா என்று நடந்த மரபுச் சண்டை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. 'இழிசனர் வழக்கு' என்று ஒரு தரப்பார் சொன்னார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கினார். முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் அந்தச் சண்டை சொந்தச் சண்டையே. உம்மாவும் வாப்பாவும் பேசுவதை அப்படியே எழுதினால் 'கொச்சை' என்று திருப்பியனுப்பப்பட்ட கதைகளைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எஸ். எல். எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை'யை இன்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடுவது, அந்தப் பேச்சு கதையில் வென்றதற்காகவுந்தான். அதே வேலையை, எந்தக் கொள்கை விளக்கமும் இல்லாமல், கிற்றாரோடு நின்று ஒருவர் செய்தார். சிறுகதையில் பேச்சுத்தமிழ் பெரும்பாலும் மேற்கோட்குறிக்குள் நின்றது. கதைசொல்பவர் நல்ல தமிழ் பேசுவார், பாத்திரம் ஊர்த்தமிழ் பேசும். நித்தியின் பாட்டில் அந்த மேற்கோட்குறி பெரும்பாலும் இல்லை. இந்த ஒரு விடயத்தில் பாட்டு கதையைத் தாண்டிப் போயிற்று என்பது என் கணிப்பு.

இவ்வளவும் சொன்னபின், ஒரு வாத்தியாராக எனக்கு இந்தப் பாட்டோடு உள்ள வழக்கையும் சொல்லவேண்டும். பாட்டின் நடுப்பொருள் மாமியின் மகள். அவளைப் பற்றியே முழுப்பேச்சும். ஆனால் அவள் வருவதில்லை, ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் எங்கே போகிறாள், ஏன் போகிறாள், எவன் கண்ணடிப்பான், இன்னும் படிக்கலாமா என்பதையெல்லாம் பேசுகிறவர்கள் மற்றவர்கள். பிள்ளையின் படிப்பு யாழ்ப்பாணத்தில் வீட்டின் முதலீடு, பெருமை, சண்டை எல்லாமாகவும் இருந்த காலம். சில ஆண்டுகளில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, படிப்பே அரசியலாயிற்று. அந்தக் காலத்தில், பெண்பிள்ளைக்கு மேற்படிப்பு எதற்கு என்ற குரலைச் சிரிப்போடு பதிவுசெய்கிறது பாட்டு. கவிஞர் அந்தக் குரலை ஏளனம் செய்கிறாரா, ஏற்றுக்கொள்கிறாரா? ஏளனம் என்றே நான் வாசிக்கிறேன். மருமகனின் அக்கறையில் தன் காரியம்தான் பெரிது என்பதைத் தாளமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவ்வளவு துள்ளலோடு ஒருவன் நியாயம் பேசினால் யார் நம்புவார்? ஆனால் கலியாண வீட்டில் ஆடுகிறவர்கள் எல்லோரும் இப்படி வாசிக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

இங்கே நமது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராய் அலைந்து சேகரித்துத் தந்த அந்தக் கவிகளிலும் மாமி உண்டு, மச்சான் உண்டு, முறை உண்டு, காவல் உண்டு. ஆனால் அங்கே பெண் பேசுகிறாள். மச்சானை ஏசுகிறாள், காத்திருந்த கணக்கைச் சொல்கிறாள், வாக்குத் தவறினவனை வாய்விட்டுக் கேட்கிறாள். வயலோரத்துப் பெண்ணுக்குக் கிடைத்த வாய், பள்ளிக்கூடம் போன பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இது விசித்திரம்தான். எழுத்தறிவு கூடக்கூட, பெண்ணைப் பற்றிப் பிறர் பேசும் பேச்சும் கூடிவிட்டதோ என்று தோன்றுகிறது.

நான் படிப்பிக்கும் கிராமத்துப் பாடசாலையில் தரம் 10 பிள்ளைகளிடம் இந்தப் பாட்டைக் கொடுத்து, மாமியின் மகள் பதில் சொல்வதாக நான்கு வரி எழுதச் சொன்னேன். பெடியள் காதல் எழுதினார்கள், அது எதிர்பார்த்ததே. ஒரு பெண்பிள்ளை எழுதியதன் சாரம் இது: நீங்கள் இருவரும் பேசி முடியுங்கோ, எனக்கு ஐந்து மணி ரியூசனுக்கு பஸ் வருகிறது. ஐம்பது வருடப் பழைய பாட்டுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தச் சஞ்சிகையிலும் வாசிக்கவில்லை. ஒரு பாட்டு இன்னொரு பாட்டை எழுதவைக்கிறதென்றால் அதற்குள் உயிர் இருக்கிறது.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' வேறு வகை. இங்கே நாடகம் இல்லை, மன்றாட்டம். குடிக்கிறவனைப் போகாதே, போகாதே என்று கெஞ்சும் குரல். கருத்தளவில் எந்தப் பள்ளிவாசல் மேடையிலும் சொல்லத்தக்க விடயம். நமது பெரியவர்கள் சொல்லுக்குத் தலையாட்டி, தாளத்துக்கு முகத்தைச் சுளித்திருப்பார்கள். ஆனால் அந்தத் தாளம் கெஞ்சுகிற தாளமன்று, ஆடுகிற தாளம். மதுவுக்கு எதிரான பாட்டு மதுவிருந்துகளின் விருப்பப்பாட்டாகிவிட்டது. சுற்றுலா பஸ்ஸில் பின்ஆசனத்தில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, போகாதே போகாதே என்று ஒருமித்துப் பாடிப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இதைப் பாட்டின் தோல்வி என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடிகாரனுக்கு அறிவுரை சொல்லும் பாட்டுகள் எத்தனையோ செத்துப்போயின; இது அவன் வாயிலேயே ஏறிக்கொண்டது. தன் நாவாலேயே தனக்குச் சொல்லிக்கொள்கிறான். பலன் உண்டா என்பது பாட்டெழுதியவர் பொறுப்பல்ல.

சொல்தேர்வு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. யாழ்ப்பாணத்தில் அந்த இடத்தைத் தவறணை என்போம், கொட்டில் என்போம். தவறணையும் போர்த்துக்கேயர் விட்டுப்போனதே. நித்தி 'கள்ளுக்கடை' என்று எங்கும் விளங்கும் சொல்லை எடுத்திருக்கிறார். மாமி பாட்டில் ஊர்ச்சொல்லை விடாப்பிடியாகப் பிடித்தவர் இங்கே விட்டுக்கொடுத்தார். கடலுக்கு அப்பாலும் இந்தப் பாட்டு இலகுவாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கோ தவறணை இல்லாதது சற்றுக் குறையாகவே படுகிறது. இன்னொரு குறை பெரியது. குடிப்பவனைப் பாட்டு காண்கிறது. பனையில் ஏறி இறங்கி அந்தக் கள்ளை இறக்கியவனைக் காணவில்லை. அந்த மனிதனின் வாழ்வு எப்படிப்பட்டது, சாதி அவனை எங்கே நிறுத்தியது என்பதை கே. டானியல் நாவல்களில்தான் தேடவேண்டியிருக்கிறது. மாமியின் மகளைப் போல அவனும் பாட்டுக்கு வெளியே நிற்கிறான். எல்லாவற்றையும் மூன்று நிமிடப் பாட்டிடம் கேட்பது நியாயமா என்று வாசகர் கேட்கலாம். இலக்கியம் என்று உள்ளே அழைத்தபின் கேட்காமல் விடுவதும் மரியாதையல்ல.

ஏ. ஈ. மனோகரனைப் பற்றியும் சொல்லவேண்டும். இருவரையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் பலர். அமுதன் அண்ணாமலை, இராமச்சந்திரன், இமானுவேல், ஸ்ரனி சிவானந்தன் எனப் பலர் மேடையேறிய காலத்தில், மேடையை ஆண்டவர் மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றது சும்மா இல்லை. தாடியும் ஆட்டமும் குரலும் சேர்ந்து அவரே ஒரு நிகழ்ச்சி. செங்கை ஆழியானின் நாவலைக் கொண்டு எடுத்த 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தார். பின்னர் சென்னைக்குப் போய் 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தென்னிந்தியப் படங்களில் வில்லனாக அடிவாங்கினார். 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். அவர் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்து, இந்தியாவெங்கும் போயிற்று. மனோகரனின் பாட்டுக்கு மனோகரன் வேண்டும். அவர் இல்லாத மேடையில் அது பாதிப் பாட்டு. நித்தியின் பாட்டுக்கு யாரும் வேண்டாம். மேசையைத் தட்டத் தெரிந்த நான்கு பேர் போதும். ஒருவர் கலைஞர், மற்றவர் எழுத்தாளர் என்று பிரித்தால் மனோகரன் ரசிகர்கள் கோபிப்பார்கள். என்றாலும் அப்படித்தான் பிரிக்கிறேன்.

எழுத்து என்பதால்தான் அது மேடை அழிந்தபின்னும் பயணம் செய்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. கசற் எதையும் எவரும் எடுத்துவரவில்லை. புத்தளத்து முகாமில், கிடுகுக் கொட்டில்களுக்கிடையில், முதல் கலியாணம் ஒன்று நடந்தபோது பெரியவர்கள் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துத் தட்டி 'சின்ன மாமியே' பாடினார்கள். வெளியே எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அந்தக் கொட்டிலுக்குள் அதே பேச்சு பாட்டாக நிமிர்ந்து நின்றது. பாடியவர்களில் எவரும் உரும்பிராயார் அல்லர், பாட்டிலுள்ள மாமியும் எங்கள் மாமி அல்லள். இருந்தும் அது எங்கள் ஊர்ப்பாட்டு. ஊர் என்பது யாருடைய பாட்டுக்கெல்லாம் தாளம் போடத் தெரியும் என்பதிலும் இருக்கிறது என்று அன்றைக்கு நினைக்கத் தெரியவில்லை. தாளம் போட மட்டும் தெரிந்தது.

இதே காலத்தில் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் அந்தப் பாட்டுக்கு வேறொரு வாழ்வு தொடங்கியிருந்தது. புலம்பெயர்ந்தவர் விழாக்களில் அது நினைவுப்பாட்டு. எழுதப்பட்டபோது அது அன்றைய நாளைக் கிண்டல் செய்தது. 'காலம் கெட்டுப்போச்சு' என்று பெருமூச்சுவிடும் வாயைக் கிள்ளிப்பார்த்தது. இன்று அதைப் பாடுகிறவர்கள் அந்தக் காலம் எவ்வளவு நல்லது என்று கண்கலங்குகிறார்கள். கிண்டல் கரைந்து ஏக்கம் மிஞ்சியிருக்கிறது. இது பாட்டுக்கு நேர்ந்த இழப்பு என்பேன். ஏக்கத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சிரித்துக்கொண்டே தன்னைத்தானே கிள்ளிப்பார்க்கும் எழுத்துத்தான் குறைவு.

எழுத்தாளர் என்று ஒருவரைச் சொன்னால் அவரது பாடபேதங்களையும் பார்க்கவேண்டும். 'சின்ன மாமியே' பாட்டை நான் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் சொற்கள் சற்றுச் சற்று மாறியிருந்தன. 'பெடியள்' சில இடங்களில் 'பொடியன்கள்' ஆகிறார்கள். தமிழகத்துக் குழுக்கள் பாடும்போது 'அணை' உதிர்ந்துவிடுகிறது. அது உதிர்ந்தால் மாமியும் மருமகனும் வேறு ஆட்கள். எழுதியவரின் சொற்களை அவரிடமே கேட்டு உறுதிசெய்து, சொற்பொருட் குறிப்போடு சிறு நூலாக்குவது ஒரு பல்கலைக்கழகத் துறைக்குச் சில மாத வேலை. சிறு சஞ்சிகைகள்கூடச் செய்யலாம்.

எங்கள் வட்டாரத்துப் பாடசாலை விழா ஒன்றில் பிள்ளைகள் இதைப் பாடி ஆடினார்கள். நிகழ்ச்சி நிரலில் மற்றைய பாடல்களுக்கெல்லாம் இயற்றியவர் பெயர் இருந்தது. இதற்கு எதிரே 'நாட்டார் பாடல்' என்று அச்சிட்டிருந்தார்கள். மறுவருடம் நிரலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இயற்றி இசையமைத்துப் பாடியவர் நித்தி கனகரத்தினம், தமிழ்ப் பொப் இசை என்று எழுதிக் கொடுத்தேன். பெயரை விட்டார்கள், 'பொப்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'மெல்லிசை' என்று போட்டிருந்தார்கள்.